19ஆம் நூற்றாண்டுப் போர்க்களப் பைனாகுலர்கள்: பொறித்த பெயரும் உண்மைப் பிறப்பும்

பழம்பொருள் ஏலங்களில் 'ராணுவப் பைனாகுலர்' என்று பெயரிடப்பட்டு வரும் 19ஆம் நூற்றாண்டுக் கருவிகளில் பெரும்பாலானவற்றை எந்த அரசும் தன் படைக்கென்று வாங்கியதில்லை. அக்காலத்து பிரிட்டிஷ் அதிகாரி தம் சீருடையையும் வாளையும் சொந்தப் பணத்தில் வாங்கினார். பைனாகுலரையும் அப்படியே கடையில் பார்த்து வாங்கிக்கொண்டார். அதே கடையில் அதே கருவியைக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போகிறவரும் கப்பல் பயணியும் வாங்கிப் போனார்கள். எனவே கையில் இருப்பது போர்முனைக்குப் போன பொருளா, பந்தயத் திடலுக்குப் போன பொருளா என்பதுதான் இத்துறையின் முதல் கேள்வி. கருவியின் மேல் பொறித்திருக்கும் பெயர் இதற்கு அநேகமாக விடை சொல்லாது. லென்ஸ் அமைப்பு, முத்திரை, தோல் உறை, கூட வந்த காகிதங்கள் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

இரு கண்ணாலும் பார்க்கும் கருவிக்கான ஆசை தொலைநோக்கி பிறந்த ஆண்டிலேயே எழுந்தது. 1608இல் ஹான்ஸ் லிப்பர்ஷே தம் தொலைநோக்கிக்குக் காப்புரிமை கேட்டு டச்சு ஆட்சி மன்றத்தை அணுகியபோது, இரு கண்ணுக்கும் ஏற்றதாக ஒன்று செய்து தரும்படி மன்றம் கேட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் செய்தும் கொடுத்தார். ஆனால் இரண்டு குழாய்களையும் ஒரே திசையில் பிசகாமல் நிறுத்துவது அக்காலக் கைவினைக்குப் பெரும்பாடு. அடுத்த இரு நூற்றாண்டுகளும் போர்க்களத்தில் ஆண்டது ஒற்றைக்குழல் தொலைநோக்கியே. 1815இல் வாட்டர்லூவில் தளபதிகள் கையில் இருந்தது இழுத்து நீட்டும் பித்தளைக் குழல்.

மாற்றம் வந்தது போர்க்களத்திலிருந்து அன்று, நாடக அரங்கிலிருந்து. 1823இல் வியன்னாவின் யோகான் ஃபிரெட்ரிக் ஃபோக்ட்லேண்டர் இரண்டு சிறு குழல்களை ஒரு பாலத்தால் இணைத்து விற்றார். அதில் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சரிசெய்ய வேண்டியிருந்தது. 1825இல் பாரிஸின் பியர் லெமியேர் நடுவே ஒரு திருகு வைத்து, அதைச் சுழற்றினால் இரு குழல்களும் ஒருசேர நகரும்படி செய்தார். குதிரை மேல் அமர்ந்து ஒரு கையில் கடிவாளம் பிடித்திருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது சொல்லாமலே விளங்கும். நாடகக் கண்ணாடியைப் பெரிதாக்கி, உறுதியாக்கி, தோல் சுற்றி, வெயில் மறைப்புக் குழலும் சேர்த்தபோது அது போர்க்களப் பைனாகுலர் ஆயிற்று. 1850களின் கிரிமியப் போர்க் காலத்தில் அதிகாரிகளிடையே இது புழக்கத்துக்கு வரத் தொடங்கியது.

இக்கருவிகளின் ஒளியியல் கலிலியோ கையாண்டதே. முன்னால் குவிலென்ஸ், கண்ணருகே குழிலென்ஸ். காட்சி தலைகீழாகாமல் நேராகவே தெரியும். குழல் குட்டையாக இருக்கும். உள்ளே வேறு பாகம் எதுவும் வேண்டாம். இந்த எளிமைக்கு விலை உண்டு. உருப்பெருக்கம் கூடக்கூடப் பார்வைப்புலம் கடுமையாகச் சுருங்கிவிடும். ஆகவே நடைமுறையில் மூன்று மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரைதான் பயன்படும். அதற்கு மேல் பெருக்கிய கருவிகளும் விற்கப்பட்டன. அவற்றில் பார்ப்பது சாவித் துவாரத்தில் கண் வைத்துப் பார்ப்பது போலத்தான். இன்னொரு குறை ராணுவத்துக்கே உரியது. கலிலிய அமைப்பில் குழலுக்குள் மெய்ப்பிம்பம் உருவாவதில்லை. அதனால் தொலைவை அளக்கும் கோடுகளை உள்ளே பதிக்க முடியாது. பீரங்கிப் படையும் சமிக்ஞைப் படையும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியை நூற்றாண்டின் இறுதி கடந்தும் விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் பழமைப் பற்று மட்டுமன்று. தொலைவிலிருக்கும் கொடியசைவைப் படிக்க மூன்று நான்கு மடங்குப் பெருக்கம் போதவில்லை.

பாரிஸ்தான் இத்தொழிலின் தலைநகர். லெமேர், பார்து, கோல்மோன், செவாலியே என்ற பெயர்கள் இன்றும் பழம்பொருள் கடைகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. லெமேர் நிறுவனத்தின் அடையாளம் தேனீ. கண்பகுதியின் வளையத்தில் சிறு தேனீ உருவம் இருந்தால் தயாரிப்பாளர் யாரென்ற கேள்வி அநேகமாக முடிந்துவிடும். செவாலியேயின் நிலை வேறு. சார்ல் செவாலியே 1859இல் இறந்த பெயர்பெற்ற ஒளியியல் வல்லுநர். அந்தக் குடும்பப் பெயரைத் தாங்கிய பைனாகுலர்களோ தரத்தில் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகின்றன. அப்பெயரை மட்டும் நம்பி விலை கொடுப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

பிரெஞ்சுக்காரர்கள் முன்லென்ஸின் விட்டத்தை 'லீன்' என்ற பழைய அளவால் குறித்தார்கள். ஒரு பாரிஸ் லீன் என்பது 2.256 மி.மீ. போர்க்களப் பைனாகுலர்கள் பொதுவாக 19 லீன் முதல் 26 லீன் வரை, அதாவது ஏறத்தாழ 43 மி.மீ. முதல் 59 மி.மீ. வரை இருந்தன. அக்கால விலைப்பட்டியல்கள் பெருமையுடன் சொன்ன இன்னொரு எண் லென்ஸ்களின் எண்ணிக்கை. '12 லென்ஸ்' என்றால் ஒவ்வொரு முன்கண்ணாடியும் மூன்று கண்ணாடிகளை ஒட்டியது, ஒவ்வொரு கண்பகுதியும் மூன்றை ஒட்டியது. ஒரு குழலுக்கு ஆறு, இரண்டுக்கும் பன்னிரண்டு. இரட்டைக் கண்ணாடி முன்லென்ஸும் ஒற்றைக் குழிலென்ஸும் கொண்ட '6 லென்ஸ்' கருவி மலிவானது. தெரியும் காட்சியின் ஓரங்களில் நிறம் கசிவதைக் கூர்ந்து பார்த்தால் வேறுபாடு புலப்படும். சேகரிப்போர் மிக விரும்பும் இன்னொரு வகை, மூன்று ஜோடிக் கண்லென்ஸ்களைச் சுழலும் சட்டத்தில் வைத்திருக்கும் பைனாகுலர். ஒரு குமிழைத் திருப்பினால் 'நாடகம்', 'களம்', 'கடல்' என்று பிரெஞ்சில் பொறித்த மூன்று நிலைகளுக்கும் மாறிக்கொள்ளலாம். அறிவுக்கூர்மை மிக்க பொறிதான். ஆனால் சுழலும் பாகம் கூடினால் தூசிக்கும் தளர்ச்சிக்கும் வழி பிறக்கும். போர்முனையில் இது எவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்கும் என்பது ஐயத்துக்குரியது.

பாரிஸில் செய்த கருவி எந்த ஊர்ப் பெயரோடும் உலகம் சுற்றியது. லண்டன், நியூயார்க், பிலடெல்பியாக் கடைக்காரர்கள் மொத்தமாக வாங்கித் தங்கள் பெயரைப் பாலத்தில் பொறித்து விற்றார்கள். பாலத்தில் இருப்பது விற்றவர் பெயர், கண்பகுதி வளையத்தில் இருப்பது செய்தவர் அடையாளம் என்பது எப்போதும் பொருந்தும் விதியன்று என்றாலும் நல்ல தொடக்கம். 'ஆர்மி அண்ட் நேவி' என்ற பொறிப்பு இவ்வகையில் பலரை ஏமாற்றுகிறது. விற்பனைக் கவர்ச்சிக்காக எழுதப்பட்ட சொற்றொடர் அது. 1871இல் லண்டனில் அதிகாரிகளுக்காகத் தொடங்கிய ஆர்மி அண்ட் நேவி கூட்டுறவுச் சங்கத்தின் முழு முத்திரை இருந்தாலும், ஓர் அதிகாரி வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம் என்று மட்டுமே சொல்லலாம். அரசு வழங்கியது என்று சொல்ல முடியாது.

பிரிட்டனில் ராஸ், டாலண்ட், நெக்ரெட்டி அண்ட் ஸாம்ப்ரா, ஸ்டூவர்ட், வாட்சன் ஆகியோர் அதிகாரிகளின் நம்பிக்கையைப் பெற்றிருந்தார்கள். ஜெர்மன் பகுதியில் 1849இல் பிரவுன்ஷ்வைக் நகருக்குக் குடிபெயர்ந்த ஃபோக்ட்லேண்டர் நிறுவனமும் ராத்தனோவின் புஷ் நிறுவனமும் முன்னின்றன. இந்தியாவில் 1877இல் கால்பதித்த லாரன்ஸ் அண்ட் மேயோ போன்ற கண்ணாடிக் கடைகள் இங்கிருந்த அதிகாரிகளுக்கு விற்றன. நில அளவைத் துறைக்காக 1830இல் கல்கத்தாவில் தொடங்கிய கணிதக் கருவி அலுவலகம் அரசுக் கருவிகளைப் பராமரித்தது. அதன் ஆங்கில முதலெழுத்துகள் பொறித்த கருவி கிடைத்தால், அது அரசுக் கணக்கில் இருந்த பொருள் என்று துணிந்து கொள்ளலாம்.

படைக்கென்றே வாங்கியதற்கு உறுதியான சான்று முத்திரைதான். பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கு மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் அகல அம்புக்குறி உண்டு. அதனோடு போர்த் துறையைக் குறிக்கும் 'டபிள்யூ.டி.' எழுத்துகளும் வரும். அம்புக்குறியின் கீழ் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இந்திய அரசுச் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், படை அதை விற்றுக் கைகழுவிவிட்டது என்று பொருள். திருட்டுப் பொருள் என்ற அச்சம் வேண்டாம். அமெரிக்காவில் ஆல்பர்ட் மையர் 1860இல் தொடங்கிய சமிக்ஞைப் பிரிவுக்காக வாங்கியவற்றில் 'சிக்னல் சர்வீஸ், யு.எஸ். ஆர்மி' என்ற பொறிப்பு காணப்படும். அந்தப் பிரிவு வானிலைப் பணியையும் சேர்த்துப் பார்த்துவந்த 1870, 1880களில் வழங்கிய பெயர் அது. வானிலைப் பணி 1891இல் சிவில் துறைக்குப் போய்விட்டதால், இப்பொறிப்புள்ள கருவியின் காலத்தை ஓரளவு வரையறுக்க முடிகிறது.

முத்திரை இல்லாதவற்றுக்கும் போர்க்களத் தொடர்பு உண்டு என்பதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர். 1876 ஜூன் 25 காலை, சூ, செயென் மக்களின் குடியிருப்பை உயரத்திலிருந்து நோட்டமிட கஸ்டர் பயன்படுத்தியது தம் படைப்பிரிவின் அதிகாரி டிருடியோவின் ஆஸ்திரியப் பைனாகுலரை என்று டிருடியோவே பின்னாளில் தெரிவித்தார். ஐரோப்பாவிலிருந்து குடியேறிய டிருடியோ சொந்தமாக வைத்திருந்த கருவி, அமெரிக்கக் குதிரைப்படைத் தலைவரின் கையில். அரசு முத்திரையை மட்டும் தேடிப் போகிறவர் இப்படிப்பட்ட பொருளைத் தாண்டிப் போய்விடுவார்.

முத்திரைகளில் குழப்பம் விளைவிப்பது 1914இல் வந்த ஒன்று. முதல் உலகப் போர் வெடித்ததும் பிரிட்டனில் பைனாகுலர் பற்றாக்குறை ஏற்பட, ஃபீல்டு மார்ஷல் ராபர்ட்ஸ் வேட்டைக்காரர்களும் பந்தயப் பிரியர்களும் தங்கள் பைனாகுலர்களைப் படைக்கு இரவல் தரும்படி வேண்டுகோள் விடுத்தார். கான்பூரில் பிறந்த இவர் 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர். 1914 நவம்பரிலேயே அவர் இறந்தபின் அவர் மகள் பணியைத் தொடர்ந்தார். வந்து சேர்ந்த கருவிகளில் ராபர்ட்ஸ் தலைமை வகித்த தேசிய சேவை லீகின் முதலெழுத்துகளான 'என்.எஸ்.எல்.' என்பதும் ஒரு வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டன. அமெரிக்கக் கடற்படையும் இதே வழியில் போனது. 'கடற்படைக்குக் கண்கள்' என்ற பெயரில், அப்போது துணைச் செயலராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மக்களிடம் கேட்டார். 50,000க்கும் மேற்பட்ட கருவிகள் வந்து குவிந்தன. சட்டப்படி இலவசமாக வாங்கிக்கொள்ள இயலாததால் ஒவ்வொன்றுக்கும் வாடகை ஒரு டாலர். ஆகவே நாற்பது ஆண்டு பந்தயத் திடலில் கிடந்த 1870களின் பாரிஸ் பைனாகுலர் ஒன்று 1915இல் போர்முனை கண்டிருக்கலாம். அது 19ஆம் நூற்றாண்டு ராணுவக் கருவியா என்றால், கருவி அந்த நூற்றாண்டைச் சேர்ந்தது, ராணுவச் சேவை அடுத்த நூற்றாண்டைச் சேர்ந்தது. விற்பவர்கள் இரண்டையும் கலந்து சொல்வது வழக்கம்.

நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு தனிக் கதை. குட்டைக் குழலில் அதிகப் பெருக்கமும் அகன்ற காட்சியும் வேண்டுமென்றால் இரு முனையிலும் குவிலென்ஸ் வைக்க வேண்டும். அப்போது காட்சி தலைகீழாகும். அதை முப்பட்டகக் கண்ணாடிகளால் நேராக்கும் வழிக்கு இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். யோசனை சரி, கண்ணாடிதான் சரியில்லை. ஒளி முப்பட்டகத்துக்குள் நெடுந்தூரம் போக வேண்டியிருப்பதால், கண்ணாடியில் உள்ள சிறு கோடும் குமிழும்கூடக் காட்சியைக் கெடுத்துவிடும். 1884இல் ஓட்டோ ஷாட் யெனாவில் கண்ணாடி ஆலை தொடங்கிய பிறகே குறையற்ற ஒளியியல் கண்ணாடி கைக்கு வந்தது. அதைக் கொண்டு எர்ன்ஸ்ட் அபே வடிவமைத்த பைனாகுலருக்கு ஸைஸ் நிறுவனம் 1893இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. 1894இல் விற்பனை தொடங்கியது. போரோ முந்திக்கொண்டதால் முப்பட்டகத்துக்கே உரிமை கோர முடியவில்லை. முன்லென்ஸ்கள் கண்களைவிட அதிக இடைவெளியில் நிற்பதும், அதனால் ஆழம் தெளிவாகத் தெரிவதும்தான் காப்புரிமையின் சாரம். அது 1908 வரை நீடித்தது. அதுவரை மற்றவர்கள் சுற்றி வளைத்து வேறு வடிவங்களைத் தேடினார்கள். அக்காலப் பைனாகுலர்கள் சிலவற்றின் விசித்திரமான உருவத்துக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் வக்கீல் நோட்டீஸ் பயமே. ஸைஸின் முதல் மாதிரிகள் நான்கு மடங்குக்கு 11 மி.மீ., ஆறுக்கு 15, எட்டுக்கு 20 என்ற சிறிய முன்லென்ஸ்களைக் கொண்டவை. 1894 முதல் 1900 வரையான இவை இன்று சேகரிப்போர் போட்டியிட்டு வாங்கும் பொருள்கள். வரிசை எண்ணைக் கொண்டு ஆண்டை நெருக்கமாகக் கணிக்க முடிவதும் ஒரு காரணம்.

1899இல் தொடங்கிய போயர் போர் இந்தப் புதிய கருவிகளுக்குக் கிடைத்த பெருஞ்சோதனை. புகையில்லா வெடிமருந்தும் மௌசர் துப்பாக்கியும் எதிரியைக் கண்ணுக்குத் தெரியாத தொலைவுக்குக் கொண்டுபோயின. சுட்டது யார், எங்கிருந்து என்று புகையை வைத்துச் சொல்லும் காலம் முடிந்துபோயிற்று. பெர்லினின் கோர்ஸ் நிறுவனம் செய்த 'ட்ரீடர்' பைனாகுலர் அந்தப் போரில் பெரும்பெயர் பெற்றது. ஆனாலும் பழைய கலிலிய வகை உடனே ஒழியவில்லை. கண்ணாடி காற்றைச் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கைந்து பங்கு ஒளி வீணாகும். கலிலிய குழலில் அத்தகைய பரப்புகள் நான்கே. முப்பட்டக வகையில் பத்து வரை. இருளில் இந்த வேறுபாடு பெரிது. இழப்பைக் குறைக்கும் மேற்பூச்சை ஸைஸின் ஸ்மாகுலா கண்டுபிடித்தது 1935இல்தான். அதுவரை இரவுக் காவலுக்கும் கப்பல் மேல்தளத்துக்கும் பழைய தடித்த பைனாகுலர் ஏற்றதாகவே இருந்தது. ஆகவே கலிலிய அமைப்பைப் பார்த்த உடனே 19ஆம் நூற்றாண்டு என்று எழுதிவிடக் கூடாது. அகல அம்பு பொறித்த பலவும் 1900க்குப் பிந்தியவை.

காலம் கணிக்க உடலின் பொருளும் உதவும். பித்தளைக் குழலும் கறுப்பு அரக்குப் பூச்சும் நூற்றாண்டு முழுதும் வருகின்றன. எபனைட் கண்கிண்ணம் இருந்தால் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின். அலுமினியம் 1886இல் ஹாலும் எரூவும் மலிவான பிரித்தெடுப்பு முறையைக் கண்ட பிறகே சாதாரண விலைக்கு வந்தது. அலுமினிய உடல் கொண்ட போர்க்களப் பைனாகுலர் பெரும்பாலும் 1890களினது. அசல் தோல் உறை மதிப்பைக் கூட்டும். அதன் மூடியின் உள்ளே கடைக்காரர் முத்திரை, வெளியே படைப்பிரிவின் பெயர் அல்லது உரிமையாளரின் முதலெழுத்துகள் இருக்கலாம். பெயரும் படைப்பிரிவும் தெரிந்துவிட்டால், அச்சிட்ட ராணுவப் பட்டியல்களில் ஆளைத் தேடிப் பிடிக்க முடியும். இத்துறையின் உண்மையான இன்பமும் அங்கேதான் இருக்கிறது.

நிலைமையைச் சோதிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது முன்லென்ஸ். கண்ணாடிகளை ஒட்டிய கனடா பால்சம் பிசின் நாளடைவில் மஞ்சளாகும்; விளிம்பிலிருந்து பிரிந்து வானவில் வளையமோ பெரணி இலை போன்ற படிவோ காட்டும். பிரித்து மறுபடி ஒட்டுவது தேர்ந்தவர் வேலை. அடுத்து, இரு குழல்களும் ஒரே காட்சியைக் காட்டுகின்றனவா என்பது. பாலம் ஒருமுறை வளைந்தால் காட்சி இரண்டாகத் தெரியும். விழுந்த கருவி என்று அதற்கு அர்த்தம். தோலில் உள்ள கொழுப்பு பித்தளையோடு சேர்ந்து பச்சைக் களிம்பாகத் திரளும். மரக்குச்சியால் மெல்லச் சுரண்டினால் போதும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் பெருந்தொல்லை கண்ணாடியில் பூக்கும் பூஞ்சை. மூடிய தோல் உறைக்குள் வைத்துவிட்டு மறந்துபோவதே அதற்கு விருந்து. உறையை அலமாரியிலும் கருவியைச் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியிலும் தனித்தனியே வைப்பது நல்லது. பித்தளையைப் புளியும் பிராசோவும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது தீராத தீங்கு. நூறாண்டுப் பூச்சும் மெல்லிய பொறிப்பும் ஒருசேரப் போய்விடும்.

போலிகள் இத்துறையில் அசட்டுத்தனமானவை, ஆனாலும் விற்கின்றன. அலங்காரத்துக்கான கப்பற்கருவி நகல்கள் செய்வதில் உத்தராகண்டின் ரூர்க்கி பெயர்பெற்ற ஊர். அங்கே நகலாகவே நேர்மையாக விற்கப்படும் பொருள், இரண்டு மூன்று கைமாறிய பின் 'விக்டோரியா காலத்து அசல்' ஆகிவிடுகிறது. தோல் சுற்றாத முழுப் பித்தளை உடல், தடித்த ஆழமான எழுத்தில் லண்டன் நிறுவனப் பெயரும் ஆண்டும், நங்கூரம் பதித்த மரப்பெட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். அசல் 19ஆம் நூற்றாண்டுப் பைனாகுலரில் உற்பத்தி ஆண்டு பொறித்திருப்பது அரிது. இவற்றைவிட ஆபத்தானவை அசல் கருவியில் பின்னால் ஏற்றிய முத்திரைகள். நிறம் மங்கிய பித்தளையில் அம்புக்குறியின் பள்ளம் மட்டும் புதிதாக மின்னினால் விலகிக்கொள்ள வேண்டும்.

முறையாக ஈடுபடுவோருக்கு ஹான்ஸ் சீகர் 1989இலும் 1996இலும் வெளியிட்ட ஜெர்மன் நூல்கள் அடிப்படை. பார் அண்ட் ஸ்ட்ரவுட் நிறுவனம் குறித்து வில்லியம் ரீட் 2001இல் எழுதிய நூல் அடுத்த நூற்றாண்டுக்கு உரியது என்றாலும் பிரிட்டிஷ் அரசு பைனாகுலர் வாங்கிய முறையை விளக்குகிறது. புதிதாகத் தொடங்குகிறவர் பெயரில்லாத சாதாரண பாரிஸ் கருவிகளிலிருந்து தொடங்குவதே சரி. அவை பெருமளவில் உற்பத்தியானவை, இன்றும் எளிதில் கிடைப்பவை. கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்துக் கற்கலாம். ஸைஸின் முதல் மாதிரிகளும் சமிக்ஞைப் பிரிவின் முத்திரை பெற்றவையும் கண் பழகிய பிறகு வாங்க வேண்டியவை.

இந்தியாவில் சேகரிப்போர் இரு சட்டங்களை அறிந்திருக்க வேண்டும். நாடகக் கண்ணாடி வகைகள் சிலவற்றின் உடலில் யானைத் தந்தம் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் தந்த வணிகத்தைத் தடை செய்கின்றன. அதே 1972இல் வந்த தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத வரலாற்று, அறிவியல் ஆர்வமுள்ள பொருள்களைத் தொல்பொருள் வரையறைக்குள் கொண்டுவருகிறது. மத்திய அரசும் அது அதிகாரம் அளித்த அமைப்புகளும் தவிர வேறு எவரும் அவற்றை நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. இணைய ஏலத்தில் வெளிநாட்டவருக்கு விற்க நினைப்பவர், பொருளைப் பொட்டலம் கட்டுவதற்கு முன் அது இச்சட்டத்துக்கு உட்பட்டதா என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.